படியில்லாத குளியலறை

அன்று காலை அவர் குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை மூடியிருந்த ஜாலியைக் கழற்றினார். வாரம் ஒருமுறை செய்கிற வேலைதான். பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றின் நுனியைத் தூண்டில் முள் போல வளைத்து வைத்திருந்தார். அதை ஓட்டைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் முடியும் சோப்பும் கலந்து கறுப்பாக வழவழவென்று ஒரு சுருள் வரும்.

"இதெல்லாம் சேத்து வச்சிருந்தா ஒரு சவுரி கட்டிருக்கலாம் சுப்பு."

"கட்டி உங்க தலையில வச்சிக்கிடுங்க. அங்கதான் எடம் காலியா கெடக்கு."

அவர் சிரிக்கவில்லை. சுருளை மூக்கருகே கொண்டுபோவது போலப் பாவனை செய்துவிட்டு என் பக்கம் நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, அது சுழன்று இறங்குவதை நின்று பார்த்தார். இறங்கிய வேகம் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். ஜாலியை மாட்டினார், கை கழுவினார், சாப்பிட்டார், இரண்டாவது ஷிப்டுக்குப் புறப்பட்டுப் போனார்.

ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் அனல்மின் நிலைய வாசலில் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தட்டியிருக்கிறார்கள்.

அது 2014 ஆகஸ்ட். அவர் பெயர் சங்கரலிங்கம். நாங்கள் இருவருமே சங்கரன்கோவில் பக்கம். அவருக்கு இங்கே, நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில், வேலை கிடைத்து வந்தோம். சில வருடங்களில் எனக்கும் டவுன்ஷிப் பள்ளியொன்றின் நூலகத்தில் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸ் என் பெயரில் இருந்தது. அதனால் அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்யும்படி யாரும் சொல்லவில்லை. என் சர்வீஸ் முடியும்வரை நான் அங்கே இருக்கலாம். இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி கடைசியில் குளியலறையில் வந்து நின்றது.

அதற்கு இரண்டரை வருடம் முன்பு, தானே புயல் அடித்த மறுநாள், வாசலில் சாய்ந்து கிடந்த வேப்பங்கிளையைத் தாண்டப் போய் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேன். தகடு வைத்துப் பொருத்தினார்கள். நடக்க முடிந்தது. இடது காலை மேலே தூக்கவோ கீழே இறக்கவோ மட்டும் முடியவில்லை. சமதரையில் ஊர்வலம் போகலாம், ஒரு படி வந்தால் நிற்க வேண்டியதுதான். எங்கள் குவார்ட்டர்ஸில் குளியலறை கூடத்தைவிட ஒரு முழம் தாழ்ந்திருக்கும். தண்ணீர் வெளியே வராமல் இருக்க அப்படிக் கட்டியிருந்தார்கள். தினமும் அவர் என் அக்குளில் கை கொடுத்து உள்ளே இறக்குவார், குளித்தபின் ஏற்றுவார். அவர் வேலையில் இருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுக் கலியம்மாள். அவர்கள் இருவரும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் குளிப்பது என்றாலே கசப்பாகிவிட்டது. நாள் தள்ளிக் குளிக்க ஆரம்பித்தேன்.

அவர் அதைக் கவனித்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் லீவு போட்டார். குளியலறைத் தரையைக் கூடத்தின் மட்டத்துக்கு உயர்த்துவது என்று முடிவு செய்தார். குவார்ட்டர்ஸில் எதையும் இடிக்கக் கூடாது, கட்டக் கூடாது. கட்டாத வீடும் எங்கள் பிளாக்கில் கிடையாது.

சிமெண்ட்டோடு கலக்க அவர் சாம்பல் கொண்டுவந்தார். அனல்மின் நிலையத்தில் பழுப்பு நிலக்கரி எரிந்தபின் மிஞ்சுகிற சாம்பல். மாவு போல நைசாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். செங்கல் அறுக்கிறவர்கள் லாரியில் ஏற்றிப் போவார்கள். அதில் சுண்ணாம்பு அதிகம், தண்ணீர் பட்டால் தானாகவே இறுகிவிடும் என்றார். நான் நம்பவில்லை. பழைய டிபன் பாக்ஸ் மூடி ஒன்றில் குழைத்து ஊற்றி வைத்தார். மறுநாள் மூடியை வெட்டித்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

தரை உயர்ந்தது. வாட்டம் சரியாக வரும்வரை ஒரு கோலிக் குண்டை நான்கு மூலையிலிருந்தும் உருட்டிவிட்டுப் பார்த்தார். எந்த மூலையில் விட்டாலும் அது ஜாலியில் வந்து நிற்க வேண்டும். கையில் பிடித்துக் குளிக்கிற ஷவர் ஒன்றை மாட்டினார், நான் குனிந்து மொண்டு ஊற்ற வேண்டாம் என்று. கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதல் நாள் நான் கூடத்திலிருந்து நேராக நடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவ்வளவுதான். வெளியே அவர் நின்றுகொண்டிருந்தாரா, பேப்பர் படிக்கப் போய்விட்டாரா என்று எனக்குத் தெரியாது.

அவர் இறந்ததும் ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். தகனம் முடிந்து எல்லோரும் போனபின் அவருடைய அக்காள் அம்சவல்லி மட்டும் தங்கினாள். எனக்கு மதினி. எங்கள் பக்கத்து வழக்கப்படி பதினாறு முடிகிறவரை என்னைத் தனியே விடக் கூடாது. குளிக்கும்போதும்தான். மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு உள்ளே வருவாள், ஷவரைச் சீண்ட மாட்டாள், வாளியில் மொண்டு என் தலையில் ஊற்றுவாள். முதுகு தேய்த்துவிடுவாள். அவள் தேய்த்தால் தோல் சிவந்துபோகும்.

"கூசாதட்டி. நான் பாக்காத உடம்பா?"

"நீங்க எப்ப மதினி பாத்தீங்க?"

"பொம்பள ஒடம்பு எல்லாம் ஒண்ணுதான். குனி."

பழைய கசப்பு திரும்ப வந்தது. பதினாறோடு முடிந்துவிடும் என்று பொறுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் சமையல்காரர் வந்து கொல்லைப்புறம் முழுவதும் அடுப்புப் பூட்டிவிட்டார். பித்தளை அண்டா, தவலை, குத்துவிளக்கு எல்லாம் விளக்க வேண்டும். வெளியே இடமில்லை. மதினி அத்தனையையும் குளியலறைக்கு இழுத்துப் போனாள். கதவுக்குப் பின்னாலிருந்து பாத்திரம் உருளுகிற சத்தம் பொழுது சாய்கிறவரை கேட்டது. சாயங்காலம் பாத்திரங்கள் கூடத்தில் வரிசையாக வந்து உட்கார்ந்தபோது கண் கூசியது. வந்தவர்கள் பாராட்டினார்கள். மதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என் தம்பி வீட்டு வெளக்கு மங்கலா இருக்கக் கூடாதுல்லா" என்றாள்.

மறுநாள் விசேஷம். விடிந்ததிலிருந்து குளியலறையில் ஆள் மாற்றி ஆள். எட்டு மணிக்கெல்லாம் தண்ணீர் இறங்க மறுத்தது. கணுக்கால் அளவு நின்றிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் குளியலறைக்குப் படி கிடையாது. நின்ற தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வந்தது. சோப்பு நுரையோடு வந்து, பந்திக்கு விரித்திருந்த பாயை நனைத்து, படத்துக்கு முன்னால் வைத்திருந்த பழத்தட்டைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பியது. பெரியவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் ஏறினார்கள்.

என் மகன் ஜெயகணேஷ் மொட்டைத் தலையோடு, கையில் பிண்டம் வைத்த இலையோடு நின்று அதைப் பார்த்தான். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. எதையும் பொறுமையாக யோசிக்கிற பையன்.

"படி இருந்திருந்தா தண்ணி உள்ளயே நின்னிருக்கும்" என்றான். யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை.

கம்ப்ளெயின்ட் கொடுத்தோம். மறுநாளே கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் வந்தார். ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். ஜாலிக்குக் கீழே கிண்ணம் போல ஒரு குழி இருக்கும். நாற்றம் மேலே வராதிருக்க அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அங்கிருந்து குழாய் வளைந்து பின்சுவர் வழியாக வெளியே சாக்கடைத் தொட்டியான சேம்பருக்குப் போகும். தரையை உயர்த்தியபோது என் கணவர் ஒரு குழாய்த் துண்டு வைத்து ஜாலியை மேலே கொண்டுவந்திருந்தார். அதனால் குழி முழங்கைக்கும் கீழே போய்விட்டது. கான்ட்ராக்ட் ஆள் கையை விட்டார், எட்டவில்லை. பின்னால் போய்ச் சேம்பர் வழியாக மூங்கில் பத்தையை விட்டுக் குத்தினார்.

"உள்ள கல்லு மாரி இருக்குதுங்க. அசையல. தரைய ஒடைச்சி எடுத்துட்டு பழையபடி போடணும். வேற வழி இல்லீங்க."

அவர் போனதும் ஜெயகணேஷ் குளியலறை வாசலில் உட்கார்ந்து ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பா தரைக்குப் போட்ட கலவையே குழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அடைத்திருக்கும் என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"அம்மா, இத ஒடைச்சுப் பழையபடி ஆக்கிருவோம். ஒடைச்சா திரும்பப் படி வந்துரும். படி வந்தா நீ உள்ள எறங்க முடியாது. தினம் ஒரு ஆள் வேணும். கலியம்மா ஆன்ட்டிய எத்தன நாளைக்குக் கூப்பிடுவ?"

"ஆள் வச்சிக்கிடுதேன்."

"முந்தி ஆள் புடிச்சு எறக்குனப்ப நீ ஒழுங்கா குளிச்சியா? அப்பா எங்கிட்ட சொல்லியிருக்காரு."

அவர் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"என்கூட வந்துரு. லிப்ட் இருக்கற வீடா பாத்திருக்கேன். பாத்ரூம் சமமா இருக்கு. வேலைய விட்டுரு. ஞாயித்துக்கிழம பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன்."

"கேக்காமலா போட்ட?"

"கேட்டா நீ வேணாம்ப."

மதினி கூடத்தின் ஓரத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "பிள்ள சொல்லுதது சரிதான். தனியாக் குளிக்க முடியாதவ தனியா இருக்க முடியுமா?" என்றாள். நூலகத்தில் எனக்கு இன்னும் ஆறு வருட சர்வீஸ் இருந்தது. அங்கே என் மேசை இருந்தது. மாலையில் டவுன்ஷிப் நுழைவிலிருக்கிற ஆர்ச் கேட் பக்கம் போகிற பஸ் சத்தத்தில் மணி தெரியும். சென்னையில் எனக்கு மகனைத் தவிர எதுவும் இல்லை. அவனும் காலையில் போனால் ராத்திரிதான் வருவான். இதையெல்லாம் சொன்னால் அவன் வருத்தப்படுவான் என்று சொல்லவில்லை. அவன் கலியம்மாளின் வீட்டுக்காரர் சாமிக்கண்ணுவிடம் போய்க் கடப்பாரை கேட்டு வாங்கி வந்து சுவரில் சாய்த்து வைத்தான். மறுநாள் காலை உடைப்பது என்று முடிவாயிற்று.

காலையில் கலியம்மாள் வந்தாள். குளியலறையில் புழங்க முடியாததால் இரண்டு நாளாக அவள் வீட்டிலிருந்துதான் எங்களுக்குத் தண்ணீர் வந்தது. நான் குளிக்காமல் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வதோடு சரி. எங்கள் கொல்லையில் கிடந்த பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் பிடித்துத் தருவதாக அதைத் தூக்கப் போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

"என்னாக்கா இது, சிமெண்ட்டு கலந்து வச்சிகினு மறந்துட்டீங்களா? தூக்க முடியல!"

ஜெயகணேஷ் அதை இழுத்துக்கொண்டு வந்தான். டப்பின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெளிர் மஞ்சளாகக் கல். நடுவில் ஒரு புளிக்கோது பதிந்திருந்தது. பக்கத்தில் தேங்காய் நார் ஒன்று பாதி புதைந்து நின்றது.

நான் மதினியைப் பார்த்தேன்.

"மதினி, அன்னைக்குப் பாத்திரம் எதை வச்சு வெளக்குனீங்க?"

"எதை வச்சு வெளக்குவாக? புளியும் சாம்பலும்தான். தொவைக்கிற கல்லுக்குப் பின்னால ஒரு மூட்ட கெடந்துச்சே. எல்லார் வீட்டுலயும் கேஸ் அடுப்பு, சாம்பல் மட்டும் மூட்ட மூட்டையா வச்சிருக்கீகளேன்னு நெனச்சேன். நல்ல நைஸ் சாம்பல். டப்புல தண்ணி விட்டு ஊறப்போட்டு, அள்ளி அள்ளி…"

சொல்லிக்கொண்டே வந்தவள் டப்பைப் பார்த்து நிறுத்தினாள்.

"சாம்பல் கல்லாவுமா? எந்த ஊர்லட்டி சாம்பல் கல்லாவும்?"

"எங்க ஊர்ல ஆவும்க்கா" என்றாள் கலியம்மாள். "நாங்க அதுல வூடே கட்டுவோம். நீங்க அத வாரி பைப்புல கொட்டிட்டீங்களா? அய்யய்ய!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீடு என்பது நினைவுக்கு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கிற்று.

மதினியின் முகம் சிறுத்துப்போனது. "சாம்பல் மூட்டையில சிமெண்ட்டப் போட்டு வச்சா எனக்கு ஜோசியமா தெரியும்? அவன் ஒரு வார்த்த எழுதி ஒட்டியிருக்கக் கூடாது?" என்றாள். தம்பிமேல் அவள் குறை சொன்னது எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை.

தரையில் தப்பில்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஜெயகணேஷ் அதைத்தான் சொன்னான்.

"யார் கொட்டுனா என்ன அத்தை? அடைச்சது அடைச்சதுதான். ஒடைச்சுதான் ஆகணும்."

"ஒடைக்கணும்னா சாம்பல ஒடை. தரைய எதுக்குலே ஒடைக்க?"

"எப்படி? அத்தன ஆழத்துல கையே போகாது."

"கை போவலன்னா கடப்பாரை போவும்லா? தா இங்க."

சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டினாள். அறுபது வயது தாண்டியவள். கடப்பாரையை ஓட்டைக்குள் நேராக நட்டு, இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிக் குத்தினாள். குழாய்க்குள் உலக்கை இடிப்பது போலச் சத்தம் வந்தது. நான் கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு குளியலறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

"மெதுவா அத்தை. பைப்பு கிழிஞ்சா மொத்தமும் போச்சு."

"நீ என் பக்கத்துல நிக்காத. பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னா எனக்குக் கை நடுங்குது."

அவன் விலகவில்லை. டார்ச் அடித்துக் காட்டினான். கொஞ்ச நேரம் குத்தியதும் கடப்பாரை நுனியில் மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. டப்பில் இருந்ததைப் போல அது கெட்டிப்படவில்லை. தண்ணீருக்குள்ளேயே கிடந்ததாலோ, புளியும் சோப்பும் கலந்ததாலோ, காய்ந்த தோசை மாவு பதத்துக்குத்தான் இறுகியிருந்தது. அவன் முதல்முறையாக, "வருது" என்றான். கொல்லையிலிருந்து ஒரு குச்சியைக் கொண்டுவந்து அதன் நுனியில் பழைய கரண்டியை வைத்துக் கயிற்றால் கட்டினான். மதினி குத்துவாள், அவன் தோண்டி எடுப்பான். வாளியில் மஞ்சள் துண்டுகள் சேர்ந்தன.

குழி காலியாகும்போது மதியம் தாண்டிவிட்டது. தண்ணீர் ஊற்றினோம். நின்றது. வளைவுக்கு அப்பால் குழாயிலும் சாம்பல் போயிருக்கிறது. கடப்பாரை வளையாது.

அதற்குள் கலியம்மாள் போய்ச் சொல்லி, சாமிக்கண்ணு முதல் ஷிப்ட் முடித்து வந்த யூனிபார்மோடு பின்பக்கம் சேம்பரைத் திறந்துவிட்டார். சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் வேலை. கண்ணைச் சுற்றி மட்டும் வெளுப்பாக, மற்ற இடமெல்லாம் நிலக்கரித் தூசி. நீளமான மூங்கில் பத்தை ஒன்றை நுனி சீவி எடுத்து வந்திருந்தார். பின்பக்கமிருந்து அவர் குத்த, இந்தப் பக்கமிருந்து ஜெயகணேஷ் எளிதில் வளைகிற கம்பி ஒன்றை ஓட்டை வழியாக விட்டான். நடுவில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியவில்லை. மதினி தரையில் கவிழ்ந்து படுத்து ஓட்டையில் காது வைத்தாள்.

"அக்கா! நான் தட்டறது கேக்குதா?" பின்சுவருக்கு அப்பாலிருந்து சாமிக்கண்ணு.

"கேக்குது. நீ பேசுததும் கேக்குது. பேச்சக் கொறச்சிட்டுக் குத்து."

"மூக்கப் பொத்திகினு ஒரு கையில குத்திகினு இருக்கேங்க்கா. பேசறதுதான் சும்மா வருது."

"எந்தப் பக்கமாக் குத்துதே? மேலயா கீழயா?"

"எனக்கு எங்க தெரியுது? இருட்டுல மாட்டுக்கு ஊசி போடற மாரி குத்தறேன்."

கலியம்மாள் மறுபடி வாயைப் பொத்தினாள். இந்தத் தடவை ஜெயகணேஷும் சிரித்துவிட்டான். இத்தனை நாளில் நான் அவன் பல்லைப் பார்க்கவில்லை.

மதினிக்குச் சிரிப்பு வரவில்லை. கவிழ்ந்தபடியே, ஓட்டைக்குள் வாயை வைத்துச் சொன்னாள்:

"ஏ சங்கரா, எதுக்குலே இம்புட்டு ஆழமா வச்ச?"

ஜெயகணேஷ் கம்பியை அசைப்பதை நிறுத்தினான். அவள் பதினாறு நாளும் வந்தவர்கள் எல்லோரோடும் சேர்ந்து தம்பியை ராசா என்றும் சூரியன் என்றும் பாடி அழுதிருந்தாள். அவர் எதிரே நின்றிருந்தால் எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசியது இப்போதுதான். பின்சுவருக்கு அப்பால் சாமிக்கண்ணுவும் குத்துவதை நிறுத்தியிருந்தார். பிறகு அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னப்பா, தூங்கிட்டியா? குத்து" என்றாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் மூங்கில் பத்தையின் நுனி கம்பியில் வந்து இடித்தது. சின்ன சத்தம். மதினிக்கு மட்டும்தான் கேட்டது. "தட்டுது, தட்டுது" என்று எழுந்து உட்கார்ந்தாள். அடுத்த குத்தில் குழிக்குள் நின்ற தண்ணீர் ஒருமுறை மேலே எழும்பி, ஏப்பம் விட்டு, அப்படியே கீழே போயிற்று. வெளியே சாமிக்கண்ணு, "வந்திச்சு! எல்லாம் என் மேலதான் வந்திச்சு!" என்று கத்தினார்.

ஜெயகணேஷ் வாளி வாளியாக ஊற்றினான். கம்பியை விட்டு மிச்சத்தைச் சுரண்டினான். மறுபடி ஊற்றினான். இறங்கியது. ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை.

"நாலு வாளி போறது பெருசில்ல. ஒரு ஆள் குளிக்கிற தண்ணி விடாம போகணும். நாளைக்கே திரும்ப நின்னுச்சுன்னா?"

"அப்ப உங்கம்மாவே குளிச்சுக் காட்டட்டும்" என்றாள் மதினி. "போ, துண்ட எடுட்டி."

நான் துண்டும் மாற்றுச் சேலையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். மூலையில் கொஞ்சம் மஞ்சள் சேறு ஒட்டியிருந்தது. தரையில் கடப்பாரை பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. நாற்காலியை ஷவருக்குக் கீழே இழுத்துப் போட்டேன். மதினி பழக்கத்தில் என் பின்னாலேயே வந்து வாளியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"மதினி."

"என்ன?"

"கதவச் சாத்திட்டுப் போங்க."

அவள் வாளியைப் பிடித்தபடி நின்றாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். பதினாறு நாள் என் முதுகைத் தேய்த்தவள். அவள் கையெல்லாம் சாம்பல் காய்ந்து வெளுத்திருந்தது. நகத்தில் ஒன்று கறுத்துப்போயிருந்தது.

"விழுந்துருவியோன்னுதான்."

"விழ மாட்டேன்."

"விழுந்தா சத்தம் போடு."

"சரி."

"வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடக்காத."

"சரி மதினி."

வாளியைக் கீழே வைத்தாள். வெளியே போய்க் கதவை முழுக்கச் சாத்தாமல் கொஞ்சம் விட்டாள். நான் எட்டிச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

கூடத்தில் ஜெயகணேஷ் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். கதவுக்கடியில் வெளிச்சக் கோட்டில் அவன் நிழல் விழுந்திருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவசரப்படவில்லை. தலைக்குச் சீயக்காய் தேய்த்து அலசினேன். இரண்டு முறை சோப்புப் போட்டேன். வேண்டுமென்றே ஷவரைத் திறந்தபடியே விட்டுவிட்டு நுரையெல்லாம் ஜாலியை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாலியில் ஒரு நிமிஷம் தயங்கும், பிறகு போய்விடும். கதவுப் பக்கம் ஒரு சொட்டும் திரும்பவில்லை.

நிழல் எழுந்து போனது. அவன் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது, பிறகு வாசலிலிருந்து போனில் பேசுகிற குரல்.

"ஆமா, ரெண்டு டிக்கெட்தான். ஒண்ணு மட்டும் கேன்சல் பண்ணணும்… இல்ல இல்ல, ஜன்னல் சீட் வேணாம், ஏதாவது ஒண்ணு… ஆமா, நான் மட்டும்தான் வரேன்."

மதினி ஏதோ கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். கலியம்மாள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது.

நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குளித்தாயிற்று, எழுந்திருக்க வேண்டியதுதான். எழுந்திருக்கத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் யாரும் குளிக்க வெந்நீர் போடுவதில்லை. சுரங்கத்தின் அடியிலிருந்து ராப்பகலாக இறைக்கிற தண்ணீரைத்தான் வீடுகளுக்கு விடுகிறார்கள். சித்திரையானாலும் மார்கழியானாலும் அது வெதுவெதுப்பாகத்தான் வரும். அன்றும் அப்படித்தான் வந்தது. இப்போதும் அப்படித்தான் வருகிறது.